அல்லித் தொட்டியில் ஒரு கைப்பிடி எலும்புத் தூள்

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக் கொல்லையில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. ஆறடி நீளம், நாலடி அகலம், என் தொடையளவு ஆழம். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்த காலத்தில் கட்டியது. எழுபதுகளின் பிற்பாதியில் தினமும் தண்ணீர் வர ஆரம்பித்ததும் தொட்டிக்கு வேலை போய்விட்டது. வேலை போன பிறகும் இடத்தைக் காலி பண்ணாமல் உட்கார்ந்திருப்பது என் ஆபீஸில் தினமும் பார்க்கிற காட்சி என்பதால் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. என் மனைவி கண்டுகொண்டாள்.

"இதுல தாமரை வைக்கலாமே" என்றாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"தாமரைக்கு இந்த இடம் போறாது."

"அப்போ அல்லி. திருவாடிப்பூரத்தன்னிக்கு நம்மாத்துத் தொட்டில பூத்த பூ ஒண்ணை நாச்சியாருக்குச் சாத்தணும். ஒண்ணே ஒண்ணு போறும். கடைப் பூவையே எத்தனை வருஷம் சாத்தறது?"

எங்கள் பூஜை அலமாரியில் சாளக்கிராமங்களுக்குப் பக்கத்தில் விரல் உயரத்துக்கு ஒரு ஆண்டாள் நாச்சியார் விக்ரகம் உண்டு. கல்யாணமாகி வரும்போது என் மனைவி பிறந்தகத்திலிருந்து கொண்டுவந்தது. தினமும் காலையில் திருவாராதனம் பண்ணுவது நான். எதைச் சாத்தலாம், எதைச் சாத்தக் கூடாது என்று தீர்ப்புச் சொல்வது அவள். பதினெட்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது மிகக் குறைவு. கேட்டதில் நான் செய்து கொடுத்தது அதைவிடக் குறைவு. ஆடிக்கு இன்னும் நாலரை மாதம் இருந்தது. "ஆகட்டும்" என்றேன். மனுக்களோடு வருகிறவர்களை அனுப்பிவைக்க இருபது வருஷமாக நான் சொல்லிவந்த வார்த்தை அது. அவள் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டுவிட்டாள்.

அல்லிக்கு எங்கே போவது? எனக்கு ஒரு தாவரவியல் பேராசிரியரைத் தெரியும். மேலப்புதூர்க்காரர், கத்தோலிக்கர், என் வயது. எங்கள் பழக்கம் சுமுகமாகத் தொடங்கியது என்று சொல்ல முடியாது. ஒரு சான்றிதழுக்காக எங்கள் ஆபீஸுக்கு வந்தார். முதல் தடவை ஒரு கையெழுத்து குறைந்தது, திருப்பி அனுப்பினேன். இரண்டாம் தடவை நகல்களில் அத்தாட்சி இல்லை, திருப்பி அனுப்பினேன். மூன்றாம் தடவை எல்லாவற்றையும் மும்மூன்று பிரதி எடுத்து, பச்சை நாடாவால் கட்டி, என் மேஜையில் வைத்தார்.

"இதுல ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க சார். காலேஜை விட்டுட்டு இங்கயே ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்துடறேன்."

குறை இல்லை. காபி வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து நண்பர்கள்.

அல்லி என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "நம்ம ஊரு அல்லி வேணாம் சார். அது ராத்திரில பூத்துட்டு, நீங்க பூஜையை முடிச்சுத் திரும்பறதுக்குள்ள மூடிக்கும். எங்கிட்ட கொடைக்கானல்லேருந்து கொண்டாந்த சாதி ஒண்ணு இருக்கு. பகல்ல பூக்கும். ரோஸ் கலர். குளிர்தேசத்துச் சரக்கு, பனியைக்கூடத் தாங்கும்."

"பனி கிடக்கட்டும். திருச்சி வெயிலைத் தாங்குமா?"

"எங்க வீட்ல கிணத்தடி நிழல்ல பொழைச்சுக் கிடக்கு. வெயில்ல எப்படின்னு தெரியல. உங்க வீட்ல செத்துப்போனா என் சம்சாரம் என்னைத் திட்ட மாட்டா பாருங்க, அதனால தாராளமாத் தரேன்."

மறுவாரம் ஈரச் செய்தித்தாளில் சுற்றி ஒரு கிழங்குத் துண்டைக் கொண்டுவந்தார். முரட்டு இஞ்சி மாதிரி இருந்தது. ஒரு முனையில் மட்டும் வெளிர்பச்சையாக ஒரு முளை. கூடவே டைப் அடித்த மூன்று பக்கங்கள். பாராக்களுக்கு எண் போட்டிருந்தது. மூன்று பிரதி. "ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு வீட்டம்மாவுக்கு, ஒண்ணு ஆபீஸ் காப்பி" என்றார், சிரிக்காமல்.

என்னைப் பழிவாங்கத்தான் எழுதியிருந்தார் என்றாலும், அதில் ஒரு குறை சொல்ல முடியவில்லை. பாத்திரம் ஆழமாக இருக்க வேண்டாம், அகலமாக இருக்க வேண்டும். மண் கனத்த களிமண்ணாக இருக்க வேண்டும். இலைமக்கும் தொழு உரமும் கூடாது, அவை மிதந்து தண்ணீரைக் கெடுக்கும். கிழங்கை நடுவில் நடாமல் ஓரத்தில், சாய்வாக, முளை நடுவைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். ஏனென்றால் இது ஒரு பக்கமாகவே நகர்ந்து வளரும் சாதி. முளையை மண்ணால் மூடக் கூடாது. மேலே கூழாங்கல் பரப்ப வேண்டும். இரண்டாம் பக்கத்தில், நான்காவது பாரா: பாத்திரத்தின் அடியில், களிமண்ணுக்குக் கீழே, ஒரு கைப்பிடி எலும்புத் தூள்.

நான் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். நான்காவது பாராவில், கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவியின் கை நின்றது.

"என்ன தூள்?"

"எலும்பு."

"பெருமாளுக்குச் சாத்தற பூவுக்கா?"

"பூவுக்கு இல்லை. வேருக்கு."

"வேர்லேருந்துதானே பூ வர்றது? அதெல்லாம் இந்தாத்துக்குள்ள நுழையப்படாது. பிண்ணாக்கு வாங்கிப் போடுங்கோ."

"சரி" என்றேன்.

பேராசிரியரைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பிடித்து, நான்காவது பாராவுக்கு மாற்று உண்டா என்று கேட்டேன். பிண்ணாக்கு என்றதும் காதைப் பொத்திக்கொண்டார். "தொட்டித் தண்ணிக்குள்ள பிண்ணாக்கா? ஒரு வாரத்துல நாறி, பக்கத்து வீட்டுக்காரங்க காலி பண்ணிடுவாங்க."

"வேற ஏதாவது?"

"இல்லை சார். பாரா நாலுன்னா பாரா நாலுதான். நீங்க என் விண்ணப்பத்துல ஒரு கட்டத்தையாவது விட்டுக் கொடுத்தீங்களா?"

எழுத்தில் வந்த நடைமுறையை அதை எழுதியவர் அனுமதியில்லாமல் நான் என் சர்வீஸில் ஒருமுறைகூட மாற்றியதில்லை. அதற்கும் மேலே ஒரு காரணம் இருந்தது. அப்போது அதை நான் என்னிடமே ஒப்புக்கொள்ளவில்லை. காந்தி மார்க்கெட் பக்கம் ஓர் உரக்கடைக்குப் போனேன். நெற்றியில் திருமண் இருந்ததால் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். கடைக்காரர் தாழ்த்தவில்லை.

"எலும்புத் தூளா சாமி? எத்தனை கிலோ?"

"ரெண்டு. எது... எந்த எலும்பு இது?"

"எலும்புல என்ன சாமி சாதி பாக்கறீங்க?"

மூட்டையை இரண்டு பைகளில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, காலடியில் வைத்துக்கொண்டேன். காவிரிப் பாலத்தில் காற்று அடித்தபோது முன் சீட்டு அம்மாள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். நானும் திரும்பி எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். அதிகாரிகளுக்குச் சொல்லித் தராமலே வருகிற கலை அது. ராஜகோபுரத்தண்டை இறங்கியதும் ஒரு பழுப்பு நாய் என்னோடு சேர்ந்துகொண்டது. நான் நின்றால் நின்றது. எதிரே வந்த ஆபீஸ் நண்பர், "என்ன ஓய், பைரவர் பின்னாடியே வராரே, சிவன் பக்கம் மாறிட்டீரா?" என்றார். கொல்லை வாசல் வரை வந்து, மூட்டை உள்ளே போனபின், வாசற்படியில் படுத்துக்கொண்டது. என் மனைவிக்கு அதன்மேல் இரக்கம் பிறந்து தயிர்சாதம் வைத்தாள். முகர்ந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தது.

களிமண்ணுக்குத் திருவானைக்காவல் பக்கம் போனேன். வாய்க்கால் தூர் வாரிக் கரையில் குவித்திருந்தார்கள். ஒரு கோணி நிறைய அள்ளி ரிக்‌ஷாவில் ஏற்றினேன். "ஸ்வாமி, எங்கயாவது யாகமா?" என்று ரிக்‌ஷாக்காரர் பயபக்தியோடு கேட்டார். "கிட்டத்தட்ட" என்றேன். பாத்திரத்துக்குக் கொத்தனார் சாந்து கலக்கும் அகலமான இரும்புச் சட்டி ஒன்று கிடைத்தது.

அவள் கோயிலுக்குச் சேவிக்கப் போயிருந்த காலையில் நட்டேன். சட்டிக்கு அடியில் எலும்புத் தூள், எண்ணி ஒரு கைப்பிடி. அதன்மேல் களிமண்ணைப் பிசைந்து அழுத்தினேன். என் மனசாட்சியையும் நாலங்குலக் களிமண்ணுக்கு அடியில் போட்டாயிற்று. கிழங்கை ஓரத்தில் சாய்த்து, முளை மட்டும் வெளியே தெரிய வைத்து, கூழாங்கல் பரப்பினேன். சட்டியை நேராக ஆழத்தில் இறக்கக் கூடாது என்பது ஏழாவது பாரா. செங்கல்களை அடுக்கி அதன்மேல் வைத்தேன். முளைக்கு மேல் ஒரு சாண் தண்ணீர்.

அவள் வந்ததும் கேட்டாள். "பிண்ணாக்குப் போட்டேளா?"

"எல்லாம் முறைப்படி போட்டாச்சு."

இந்த மாதிரிப் பதில்களைச் சட்டசபைக் கேள்விகளுக்கே தயாரித்துக் கொடுத்தவன் நான். அதில் ஒரு பொய்யும் கிடையாது, உண்மையும் கிடையாது.

பத்து நாளில் முதல் இலை வந்தது. தண்ணீருக்கடியில் சுருட்டு மாதிரி நின்று, மேலே வந்ததும் விரிந்து, ஒரு சின்ன அப்பளம் போல மிதந்தது. நாலு இலையானதும் ஒரு செங்கல்லை உருவினேன். இலைகள் காம்பை நீட்டிக்கொண்டு மறுபடியும் மேலே வந்தன. இன்னும் ஒரு செங்கல். இப்படி மே மாதத்துக்குள் சட்டி தரையைத் தொட்டுவிட்டது. கொசு வராமலிருக்க நாலைந்து பொடிமீன் விட்டேன். வெயிலுக்கு ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்தேன். மனைவி தினமும் இலைகளை எண்ணினாள். "ஒன்பது இருக்கு. மொட்டு எங்கே?" என்பாள். ஒன்பதாவது பாராவில் பொறுமை என்று இருந்தது.

மாதம் ஒருமுறை உரம் கொடுக்க வேண்டும். தண்ணீரில் தூவினால் பாசிதான் கொழுக்கும்; களிமண்ணோடு பிசைந்து எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து, காயவைத்து, முளையை விட்டுத் தள்ளி விரல் ஆழத்துக்கு மண்ணில் அழுத்த வேண்டும். உருண்டைகளை மொட்டைமாடியில் ஒரு பலகையில் காயவைத்திருந்தேன். சற்றுத் தள்ளி அவளுடைய வடாம்.

"ஏன்னா, சித்த மேல வாங்கோ" என்று குரல் வந்தது. "இந்த வேடிக்கையைப் பாருங்கோ. ரெண்டு முறம் வடாம் கிடக்கு, ஒரு காக்கா தொடலை. உங்க மண்ணுருண்டைக்கு நாலு காக்கா அடிச்சுக்கறது."

"வாய்க்கால் மண். புழு இருக்கும்."

"காயவெச்ச மண்ணுலயா?"

"உள்ள இருக்கும்."

அவள் வடாத்தில் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தாள். "உப்பு சரியாத்தானே இருக்கு" என்றாள் தனக்குள். நல்ல சமையல்காரி. காக்கை கூடத் தன் கைப்பண்டத்தை ஒதுக்கினதில் அவளுக்கு நிஜமாகவே வருத்தம். மறுநாள் மாவில் பெருங்காயம் கூடியிருந்தது. பொரித்ததும் தின்றேன்.

ஆனி பிறந்து சில நாளில் தண்ணீர் பச்சையானது. முதலில் சுண்டைக்காய்ப் பச்சை, அப்புறம் பாசிப்பயற்றுக் கஞ்சி. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இலைகளின் ஓரம் மஞ்சளித்தது. மாலை வேளையில் ஒரு புளிப்பு வாசனை. நான் மூன்று பக்கங்களையும் மறுபடி படித்தேன். எல்லா பாராவுக்கும் எதிரே டிக் போட்டிருந்தது. ஆடிப்பூரத்துக்கு ஆறு வாரம்கூட இல்லை.

"எலும்பு ஏதாவது போட்டேளா?" என்று அவள் நேராகக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்வதுண்டு. அவள் கேட்கவில்லை. "பாவம் அது" என்று மட்டும் சொல்லி, தொட்டியோரம் உட்கார்ந்து மஞ்சள் இலைகளைக் கிள்ளினாள்.

பேராசிரியரை அழைத்துவந்தேன். கொல்லையில் குனிந்து, ஒரு கை தண்ணீர் அள்ளி முகர்ந்தார்.

"சார், இதுல பால் இருக்கு."

"பாலா? எங்க நடைமுறைல பால் கிடையாதே."

"உங்க நடைமுறைல இல்லாம இருக்கலாம். தொட்டில இருக்கு." நிமிர்ந்து சமையலறை வாசலைப் பார்த்தார். "ஏம்மா, தொட்டிக்குப் பால் ஊத்தறீங்களா?"

என் மனைவி தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "பால்னா பால் இல்லை. திருமஞ்சனத் தீர்த்தம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வைகாசியில் அவள், "ஒரு மண்டலம் தினமும் பால் திருமஞ்சனம் பண்ணுங்கோ" என்றாள். நாற்பத்தெட்டு நாள். நானும் தினமும் சாளக்கிராமத்துக்கும் நாச்சியாருக்கும் ஒரு தம்ளர் பால் வார்த்துவந்தேன். அந்தப் பால் அப்புறம் எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. கோப்பு என் மேஜையை விட்டுப் போய்விட்டால் என் பொறுப்பு முடிந்தது.

"அதைக் கண்ட இடத்துல கொட்டப்படாது" என்று அவருக்கு விளக்கினாள். "கால் படாத இடமா இருக்கணும். துளசிக்கு ஊத்தினேன், வேர் அழுகறாப்பல இருந்தது. இங்கே யார் காலும் படாதேன்னு பார்த்தேன். அதோட..." என்று நிறுத்தினாள். "அதோட, பெருமாள் தீர்த்தம் குடிச்சு வளர்ற செடி சீக்கிரம் பூக்காதா?"

அவர் சிரிக்கவில்லை. எங்கள் மதத்தில் தீர்த்தம் போலவே அவர்களுக்கும் மந்திரித்த நீர் உண்டு. அதுவும் கால்படாத இடத்தில்தான் சேர வேண்டும் என்றார். "ஆனா எங்களுது வெறும் தண்ணிங்கம்மா. பால் போனா பாசிக்குத்தான் தீபாவளி. பாதித் தண்ணியை மாத்துங்க, தீர்த்தத்தைத் தென்னைக்கு ஊத்துங்க. கிழங்கு நல்லாத்தான் இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பி, "மத்தபடி நான் எழுதிக் குடுத்ததெல்லாம் போட்டீங்கல்ல? அந்த எலு..."

"காபி ஆறிடும்" என்றேன்.

"இன்னும் போடவே இல்லையே" என்றாள் என் மனைவி.

"போட்டப்பறம் ஆறிடும். வாங்க சார், உள்ள போவோம்."

பஸ் ஸ்டாப் வரைக்கும் அவரோடு நடந்தேன். விஷயத்தைச் சொன்னேன். நடு வீதியில் நின்றுவிட்டார்.

"வீட்ல கூடாதுன்னு சொன்னாங்களா? அடடா. சூப்பர் பாஸ்பேட் போட்டிருக்கலாமே சார். அதே வேலையைச் செய்யும்."

"மாத்தே இல்லைன்னு சொன்னீங்களே!"

"நீங்க என்னை மூணு தடவை அலையவிட்டீங்க. நான் உங்களை ஒரு தடவை அலையவிடக் கூடாதா? வம்புக்குச் சொன்னேன். நீங்க அதை அப்படியே செய்வீங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?"

வேறு யாரானாலும் அப்படியே செய்திருக்க மாட்டார்கள். அதுதான் என் குறை. வீடு திரும்பும் வழியெல்லாம் கணக்கில்லாமல் என்னை நானே திட்டிக்கொண்டேன். அவள் மறைக்காமல், கேட்டவுடன் சொல்லிவிட்டாள். நான் காபியைக் காட்டித் தப்பித்தேன்.

தண்ணீர் பத்து நாளில் தெளிந்தது. ஆடி பிறந்து ஒரு வாரத்தில், ஒரு காலையில், தண்ணீருக்கடியில் இலைக்கு வேறுபட்ட ஒரு முனை தெரிந்தது. எலுமிச்சங்காய் போல உருண்டு, பச்சைப் போர்வைக்குள் கொஞ்சம் சிவப்பு. நாளுக்கு ஒரு விரற்கடை மேலே வந்தது. திருவாடிப்பூரத்துக்கு முதல்நாள் தண்ணீர் மட்டத்தைத் தொட்டு நின்றது. நாளைக் காலை விரியும் என்று எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. அன்று மத்தியானம் அவள் அந்தக் குட்டி நாச்சியாருக்குப் புதுப் பட்டுத் துண்டு ஒன்றைக் கத்தரித்து மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு முணுமுணுத்தாள்.

நாளைக்கு அந்தப் பூவை எடுத்துச் சாத்தப்போவது என் கை. மந்திரம் சொல்லப்போவது என் வாய். எதிரே உட்கார்ந்து கைகூப்பப்போவது அவள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் எலும்புத் தூள் போட்டிருக்கேன்" என்றேன்.

ஊசி நின்றது.

"எப்போ?"

"நட்ட அன்னிக்கே. அப்பறம் மாசாமாசம். அந்த உருண்டைலயும்."

"காக்கா..." என்றாள்.

"ஆமா."

"நான் வடாத்துக்குப் பெருங்காயம் கூட்டினேனே!" என்றாள். பூவைவிட அதுதான் முதலில் சுட்டது போலிருந்தது. ஊசியைத் துணியில் குத்தி ஓரமாக வைத்தாள். நான் உத்தரவுக்குக் காத்திருந்தேன்.

"எங்கப்பா அஸ்தியை எங்கே கரைச்சேள்?" என்றாள் திடீரென்று.

"அம்மா மண்டபத்துல."

"அந்தக் காவேரித் தண்ணிதானே நம்மாத்துக் குழாய்ல வர்றது?"

"அது நேரா ஆத்துலேருந்து எடுக்கறதில்லை. மணல்ல கிணறு வெட்டி, பம்ப் வெச்சு..."

"ஆமாவா, இல்லையா?"

"ஆமா."

"அதுலதானே பதினெட்டு வருஷமா தளிகை பண்றேன்? அதுலதானே நீங்க திருமஞ்சனம் பண்றேள்? ஊர்ல இருக்கறவா எலும்பெல்லாம் அதுல போறது. அதனால தண்ணிக்குத் தோஷம் வந்துதோ?"

எனக்கு ஒரு ஆட்சேபணை தோன்றியது: அது மனித எலும்பு, சாஸ்திரப்படி சேர்த்தது, இது உரக்கடைச் சரக்கு. வாயைத் திறந்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"எலும்பு கிடக்கட்டும்" என்றாள். "நாலு மாசமா 'முறைப்படி, முறைப்படி'ன்னேளே, அதுக்கு என்ன பண்றது? உங்க ஆபீஸ்ல என்ன பண்ணுவா?"

"விளக்கம் கேட்டு மெமோ கொடுப்பா."

"கேட்டாச்சு. சொல்லுங்கோ."

பதில் தயாரிப்பதில் பெயர் வாங்கியவன் நான். வாயில் வந்தது ஒரே ஒரு வார்த்தை.

"பயந்துட்டேன்" என்றேன். "பூக்காமப் போயிடுமோன்னு. நீ கேட்டது அது ஒண்ணுதான்."

அவள் பட்டுத் துண்டை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள். தீர்ப்பு வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் வடாம் பொரிக்கவில்லை; அதற்கு என்ன பொருள் என்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை. ஆறரை மணித் திருவாராதனத்தை அவள் ஒருநாளும் தள்ளிப்போட விட்டதில்லை. எனக்கு நூற்றிரண்டு டிகிரி ஜுரத்திலும் ஆறரைதான். நான் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்தேன். தட்டில் துளசி இருந்தது, மல்லிகை இருந்தது. மணியை எடுத்தேன்.

"ஆரம்பிக்காதீங்கோ" என்று கொல்லையிலிருந்து குரல் வந்தது. "இன்னும் விரியலை."

போய்ப் பார்த்தேன். தொட்டியோரம் ஒரு மணைப் பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். புது மடிசார். காபிகூடக் குடிக்கவில்லை.

"எப்போ விரியும்?" என்று கேட்டாள்.

"வெயில் பட்டாத்தான். இந்த மதில் நிழல் விலகணும். ஒன்பது ஆகும்."

"ஆகட்டுமே" என்றாள். என் வார்த்தை, அவள் வாயில் வேறு மாதிரி இருந்தது.

ஏழு, எட்டு. பக்கத்து வீட்டில் தளிகை வாசனை எழுந்தது. என் வயிறு சத்தம் போட்டது. "உஸ், பூ பயந்துக்கும்" என்றாள். எட்டே முக்காலுக்கு மதில் நிழல் தொட்டியின் விளிம்பைத் தாண்டியது. பச்சைப் போர்வை நாலாகப் பிளந்தது. உள்ளே ரோஜா நிறம், இதழ் இதழாக, அவசரமே இல்லாமல். நடுவில் மஞ்சள்.

"பறிங்கோ" என்றாள். "உங்க கையாலதான் பறிக்கணும்."

வேட்டியை மடித்துக் கட்டித் தொட்டிக்குள் இறங்கினேன். காம்பை மேலே ஒடிக்கக் கூடாது. கையை ஆழமாக விட்டு அடியோடு இழுக்க வேண்டும். தோள் வரை நனைந்தது.

சாத்தும்போது ஒரு சிக்கல். நாச்சியார் விரல் உயரம். பூ உள்ளங்கை அகலம். எப்படி வைத்தாலும் நாச்சியார் பூவுக்குப் பின்னால் மறைந்துபோனாள். நான் இந்தப் பக்கம் நகர்த்தினேன், அந்தப் பக்கம் நகர்த்தினேன். "முகம் தெரியலையே" என்றாள். கடைசியில் பூவை ஒரு வெள்ளித் தட்டில் வைத்து, அதன் நடுவில், மஞ்சள் மகரந்தத்தின்மேல், நாச்சியாரை எழுந்தருளப் பண்ணினோம். புதுப் பட்டு நன்றாகத் தெரிந்தது. அவள் வெகுநேரம் கைகூப்பி நின்றாள். நான் மந்திரத்தில் ஓரிடத்தில் தடுக்கினேன், எடுத்துக்கொடுத்தாள்.

தீர்த்தம் வாங்கிக்கொண்டதும் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இன்னொரு மொட்டு வந்திருக்கு. அது உங்க ப்ரொபசராத்து மாமிக்கு. அவா கோயில்ல வைக்கட்டும்."

"அவருக்கு எதுக்கு? என்னை மாட்டிவிட்டவரே அவர்தான்."

"அதனாலதான். பாவத்துல பங்கு வாங்கிண்டவருக்குப் பூவுல பங்கு வேண்டாமோ?"

மணி பத்தரை தாண்டிவிட்டது. ஆபீஸுக்கு அரைநாள் லீவு எழுத உட்கார்ந்தேன். எங்கள் ஆபீஸில் காரணம் என்ற இடத்தில் எல்லோரும் உடல்நலக் குறைவு என்றுதான் எழுதுவார்கள். இருபது வருஷமாக நானும் அப்படியே. 'உடல்' வரைக்கும் எழுதிவிட்டேன். அவள் சாப்பிடக் கூப்பிட வந்தவள், என் தோளுக்கு மேலாகக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன். 'வீட்டில் அல்லி பூத்ததால் காலையில் வர இயலவில்லை' என்று எழுதினேன்.

மேலதிகாரி சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டு, உரிய காரணத்துடன் மீண்டும் அனுப்பவும் என்று திருப்பிவிட்டார்.